காதை மூடாத தொப்பி

அக்டோபர் 21

மழை தொடங்கிவிட்டது. கெடிலம் பாலத்தில் ஏறும்போதே பிடித்துக்கொண்டது. ஒரு கையில் குடையும் ஒரு கையில் சைக்கிளுமாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஆகாது. பையிலிருந்த ஜவுளிக்கடைக் கவரைத் தலையில் கவிழ்த்து, அதன் பிடிகளைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டேன். அக்காவின் வளைகாப்புக்கு அம்மா புடவை எடுத்த கடை. நெற்றியில் கடையின் பெயர். பின்மண்டையில் தொலைபேசி எண்.

தலை நனையவில்லை. ஆனால் சத்தம். தலைக்கு மேலே யாரோ விடாமல் அப்பளம் பொரிக்கிறார்கள். பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை. என் மூச்சுகூட எனக்குக் கேட்கவில்லை.

தத்துவத்தில் முதுகலை படித்தவன், மழையில் தலைக்கு என்ன போடுவது என்று ஒரு பக்கம் எழுதுகிறான். எழுதட்டும்.

அக்டோபர் 23

டியூஷனை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் முணுமுணுப்பு. கேள்வி கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 27

ரெயின்கோட் வாங்கினேன், தலைமூடி தைத்தது. தலையைத் திருப்பினால் மூடி திரும்பவில்லை. வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கத்து நைலான் மட்டும் தெரிகிறது. தன் தலைக்குள்ளேயே எட்டிப் பார்ப்பது போல. முன்பு வகுப்பில் இதை ஒரு கொள்கையாகப் படித்தேன்.

வாசலில் அம்மா வழிமறித்தாள்.

"என்னடா இது, காத மூடிக்கிட்டு?"

"மழைம்மா."

"மழைன்னா நனை. காத மூடாத."

"நனைஞ்சா காய்ச்சல் வரும்."

"காய்ச்சலுக்கு மாத்திர இருக்கு போசு. கழட்டு அத."

கழற்றினேன். அம்மாவோடு இதில் வாதாட முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவின் சாவு மூன்று சொற்கள்: மழை, குல்லா, லாரி. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். ஒரு நவம்பரில் காதுவரை கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் திரும்பியிருக்கிறார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு, பண்ருட்டியில் மாமா வீட்டில் இருந்தேன். துக்கத்துக்கு வந்த எல்லாரிடமும் அம்மா இதே வரிசையில் சொன்னாள். மழை பெஞ்சுது. குல்லா போட்டிருந்தாரு. லாரி.

என் பெயர் அப்பா வைத்தது. சந்திரபோஸ். பெயர் வைத்ததைத் தவிர அவர் பெரிதாக எதுவும் பேசியதாக நினைவில்லை. எது சொன்னாலும் சிரிப்பார். நல்ல மனிதர்.

அக்டோபர் 30

பயிற்சி. யுவராணிக்குப் பருவத் தேர்வு நவம்பர் பதினாறாம் தேதி தொடங்குகிறது.

பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பரீட்சை அவளுடையது, கை என்னுடையது. இரண்டாம் ஆண்டிலிருந்து இப்படி. அரியர் இல்லாமல் முடித்துவிட்டால் அடுத்த வருடமே பி.எட். சேர்ந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. டீச்சராகி, பின் பெஞ்சில் பேசுகிற பையனைப் பேர் சொல்லி எழுப்ப வேண்டுமாம். "யாருன்னே தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருப்பான். அவன் மொகத்த யாராச்சும் பாத்து எனக்குச் சொல்லணும்."

இந்த ஊரில் நான் தேவைப்படுகிற ஆள் இவள் ஒருத்திதான். இதை எழுதியதும் அடிக்கலாமா என்று தோன்றுகிறது. இருக்கட்டும்.

கல்லூரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். வெளியே மழை.

"உங்க கையெழுத்து நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா. நான் பாத்ததில்ல."

"கொஞ்சம் மெதுவா சொல்லு."

"போன செமஸ்டர்ல வேகமா சொல்லுன்னது நீங்கதான்."

"மழ சத்தம்."

தலையைச் சாய்த்து மழையைக் கேட்டாள். பிறகு, "தூறல்தானேண்ணா" என்றாள்.

நவம்பர் 2

மைதானத்து நடைபாதைக் கடையில் தலையில் மாட்டும் குடை. வானவில் நிறங்கள், எலாஸ்டிக் பட்டை. காது முழுக்க வெளியே. அம்மா சம்மதித்தாள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து கைதட்டினார்கள்.

பாலத்தின் நடுவில் காற்று அதை மேலே தூக்கிப் பூப்போல விரித்தது. பிடிக்கக் கை தூக்கினேன். அந்த நேரத்தில் வலது தோளை ஒட்டி ஒரு லாரி. ஈரமான சக்கரத்தின் சூடு முழங்கையில் பட்டது. கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து தொங்கிக்கொண்டு என்னென்னவோ சொன்னார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. கிளீனர் பையன் தன் காதை விரலால் தட்டிக் காட்டிக் கையை விரித்தான்.

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அதனால்தான்.

குடை கெடிலத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அது கண்ணுக்கு மறையும்வரை நின்றேன்.

நவம்பர் 3

அம்மாவிடம் லாரியைப் பற்றிச் சொல்லவில்லை.

நவம்பர் 6

வேண்டியது இதுதான்: தலையை மூட வேண்டும். காதை மூடக் கூடாது. காற்றில் பறக்கக் கூடாது. தலை திரும்பினால் கூடத் திரும்ப வேண்டும். அப்படி ஒன்று கடைகளில் இல்லை.

பைக்குக்கு சீட் கவர் தைக்கிற நூருல்லா பாய் கடைக்குப் போனேன்.

"தலைக்கா?" என்றார். மறுபடி என் தலையைப் பார்த்தார். "தம்பி, நம்மகிட்ட எல்லா வண்டிக்கும் அளவு இருக்கு. இதுக்கு இல்லையே."

"ரெக்சின்லயே தைங்க பாய். முன்னால ஓடு மாதிரி நீட்டிக்கிட்டு வரணும். பின்னால கழுத்துவரைக்கும் சரிவா எறங்கணும். காதுக்கு ஓட்ட வேணும்."

"உள்ள ஸ்பாஞ்ச் வச்சுத் தரவா? பின்னால ஒரு ஆள ஏத்திக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் அளவு நாடாவைத் தலையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று ஏதோ கேட்டிருக்கிறார். முன்னால் வந்து தோளைத் தொட்டார்.

"எத்தன தடவ கேக்குறது? கறுப்பா, காக்கியா?"

கறுப்பு.

நவம்பர் 9

தொப்பி வந்தது. உண்மையிலேயே நல்ல வேலை. காதுக்கு விட்ட ஓட்டைகளுக்கு மேலே, ஜன்னலுக்கு சன்ஷேட் வைப்பது போல, சின்னதாக ஒரு மடிப்பு. தண்ணீர் காதில் இறங்காது. தாடைக்குக் கீழே பழைய பெல்ட் பக்கிள்.

அம்மா சுற்றி வந்து பார்த்தாள். "தலையில சீட்டக் கவுத்துக்கிட்டு எங்கடா ஊர்வலம்?" ஆனால் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திருப்தி.

மஞ்சக்குப்பம்வரை போய்த் திரும்பினேன். தலை உலர்ந்திருக்கிறது. காது திறந்திருக்கிறது. மழை இன்று சத்தமில்லாமல் பெய்தது. மெல்லிய மழை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்தேன், வாளியில் கால்பங்கு நிறைந்தது.

நவம்பர் 12

அக்காவின் வளைகாப்பு. விழுப்புரத்தில், அவள் புகுந்த வீட்டில்.

ஆளாளுக்கு அக்கா கையில் வளையல் அடுக்கினார்கள். முழங்கைவரை. கண்ணாடி வளையல் என்றுதான் சொன்னார்கள். அக்கா கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். ரப்பர் வளையலோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிதான்.

பந்தியில் அக்காவின் மாமியார் எதிரில் நின்று என்னிடம் எதுவோ கேட்டார். நான் சிரித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தேன். சுற்றியிருந்தவர்கள் இலையைப் பார்த்தார்கள். அம்மா எங்கிருந்தோ வந்து, "அவன் படிச்சுக்கிட்டிருக்கான் சம்மந்தி, வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்" என்றாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"உங்கப்பா மாதிரி சிரிக்காத."

நவம்பர் 16

முதல் தாள். சொல்லி எழுதவைக்கிற மாணவர்களுக்குத் தனி இடம்: தகரக் கூரை போட்ட பழைய சைக்கிள் ஷெட். தகரத்தில் மழை. யாராக இருந்தாலும் கேட்பது கஷ்டம்.

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். யுவராணி கையை நீட்டி, எடுத்து, விரல்களால் படித்தாள். விளிம்பு, சரிவு, பக்கிள். காது ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினாள்.

"காதுக்கு ஜன்னல் வச்சிருக்காங்க. நல்லா கேக்குமே."

"கேக்குது."

பெரும்பாலும் எழுதினேன். சில இடங்களில் விட்டுப்போனதை நிரப்பினேன். ஒரு வாக்கியத்தின் தலையும் வாலும் தெரிந்தால் உடம்பு தெரியாதா? அவள் நோட்டுகளை நான்தானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். மொழியே இடைவெளிகளால் ஆனது. இப்படி ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

இதுவரை நான் எழுதியவற்றிலேயே மோசமான பத்தி இதுதான்.

நவம்பர் 17

காலையில் குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனாள். விசிலுக்காக அதன் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பருப்பு கருகும் வாசனை வந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

விசில் பழுது என்றேன். அம்மா விசிலைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 19

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டாம் தாள். ரயத்துவாரி நிலவரி முறையைப் பற்றிய பெரிய கேள்வி. யுவராணி சொல்ல ஆரம்பித்தாள். மழை பலமாக இருந்தது, அல்லது இல்லை. எனக்குத் தெரியாது. அவள் முகம் கூரையை நோக்கி இருந்தது. சொல்லும்போது அவள் யாரையும் பார்ப்பதில்லை, அதனால் வாயைப் படிக்க முடியவில்லை. ஒரு பத்திக்குப் பிறகு என் காதில் விழுந்தவை தனித்தனிச் சொற்கள். கலெக்டர். பட்டா. கடன். நான் எழுதினேன். வரி விதிப்பில் தொடங்கி நிலத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவுவரை போனேன். நன்றாக வந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் மணிக்கட்டை அவள் பிடித்தாள்.

முகத்தை என் வலது காதுக்கு அருகில் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் நிறுத்தி ரொம்ப நேரம் ஆச்சுண்ணா. பேனா ஓடிக்கிட்டே இருக்கு."

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"வேணும்னுதான் நிறுத்தினேன். போன பரீட்சையிலயே ஒரு சந்தேகம். என்ன எழுதினீங்க? படிங்க."

படித்தேன். அவள் அசையாமல் கேட்டாள்.

"நல்லாருக்கு. எனக்கு இப்படிச் சொல்ல வராது."

"யுவராணி..."

"எங்கேர்ந்து உங்களுது?"

பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் புரட்டினேன். அவள் விரல் தாளின் ஓரத்தில் என் விரலோடு வந்தது.

"அடிச்சிடுங்க."

"நேரம் இல்ல. இத அடிச்சா மார்க்கு போயிடும்."

"யாருக்கு?"

மேற்பார்வை டீச்சர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அடித்தேன். குறுக்காக ஒரு கோடு, அடுத்த பக்கம் ஒரு கோடு, அடுத்தது. பிறகு அவள் மறுபடி சொன்னாள், என் காதுக்குள், மூச்சு வாங்க. எழுதினேன். பாதியில் மணியடித்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள். இந்தத் தாள் தேறாது என்று இருவருக்கும் தெரியும்.

வெளியே வந்து தொப்பியை மாட்டினேன். அவள் கையை உயர்த்தி என் காதைத் தேடினாள். ரெக்சின் ஓட்டையின் ஓரத்தைத் தொட்டாள், பிறகு காதை.

ஏதோ சொன்னாள். நான் குனிந்தேன். மறுபடி சொன்னாள்.

"இதுல ஓட்ட இருக்கேண்ணா."

நவம்பர் 20

எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 22

புயல் சின்னம். மீதித் தேர்வுகளைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தெருவில் முழங்கால்வரை தண்ணீர். தொப்பி ஆணியில் தொங்குகிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரோ முதுகைக் காட்டி நிற்பது போல இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு ஓட்டைகள். உள்ளே ஆள் இல்லை.

யுவராணியிடமிருந்து போனில் ஒரு செய்தி. அவள் பேசப் பேச அவள் போன் எழுத்தாக்கித் தருமாம், தோழியிடம் படித்துக்காட்டச் சொல்லிச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறாள். துறைத் தலைவரைக் கேட்டாளாம். சொல்வதை எழுதுகிறவருக்குக் காது கேட்கவில்லை என்று மருத்துவர் சான்று தந்தால், அந்த ஒரு தாளை மறுபடி எழுத மனுப் போடலாம். இல்லையென்றால் அது அரியர். அடுத்த வருடம் பி.எட். இல்லை.

கடைசி வரி: "உங்களக் கட்டாயப்படுத்தல அண்ணா. ஆனா கேக்குறேன்."

நவம்பர் 25

கல்லூரி அலுவலகம். மீதி இரண்டு தாளுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றால் நான் விலகுவதாக எழுதித் தர வேண்டும், காரணத்தோடு.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்தர், "என்ன சார், அஞ்சு பேர் நிக்கிறாங்க" என்று கையால் காட்டினார்.

காய்ச்சல் என்று எழுதினேன்.

வராந்தாவில் யுவராணி காத்திருந்தாள். காகிதத்தின் நகலை அவள் தோழி படித்துக் காட்டினாள். யுவராணி சிரித்தாள், சத்தமாக இருக்க வேண்டும், நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஒடம்பப் பாத்துக்கங்க."

நவம்பர் 26

தண்ணீர் வடிந்துவிட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன், எங்கே என்று இல்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வழிவிடவில்லை.

"காது தொறந்துதானே இருக்கு. விடும்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப்பை. அதற்குள் பழுப்புநிறக் கம்பளிக் குல்லா. அந்துருண்டை வாசனை. கிழிசல் இல்லை. கறை இல்லை. ஒரு நூல் பிரியவில்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. லாரியில் அடிபட்டவரின் தலையில் இருந்த குல்லா.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கி அவரு இத போடல."

"மழையில..."

"மழையே இல்ல போசு. நல்ல வெயிலு."

கையை எடுக்காமலே சொன்னாள். அக்கா பிறந்த வருடத்திலிருந்தே அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அச்சகத்தில் மெஷின் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் அப்படித்தான். அப்பா இறந்தபோது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. செவிட்டுக் குடும்பம் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும். துக்க வீட்டில் முதலில் வந்தவர், "ஹாரன் அடிச்சானாமே, கேக்கலையா?" என்றிருக்கிறார். அம்மா வாயில் குல்லா வந்தது. குல்லாவுக்கு மழை தேவைப்பட்டது. மழையையும் சொன்னாள்.

"அப்பறம் எனக்கே அப்படித்தான் ஞாபகம். குல்லா போட்டிருந்தாரு. மழ பெஞ்சுது. நீ காத மூடுனா அந்த லாரிதான் கண்ணுல நிக்கும். மூடலன்னாலும் கேக்காதுன்னு தெரியும். தெரிஞ்சுந்தான்."

மூன்று சொற்களில் இரண்டு போய்விட்டன. மீதி லாரி மட்டும்.

குல்லாவைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது.

நவம்பர் 28

அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக.

"பாண்டிச்சேரியில காட்டலாம். இங்க வேணாம். காதுக்கு மெஷின் வாங்கி வச்சுக்க. பாய்கிட்டச் சொல்லி இன்னொரு தொப்பி தச்சுக்கலாம். காத நல்லா மூடுற மாதிரி."

நான் சோற்றைப் பார்த்தேன்.

"சம்மந்தி கண்ணுல படக் கூடாது. அக்காவுக்குப் புள்ள பொறக்கட்டும். அது நல்லபடியா சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கட்டும். அப்பறம் நீ எடுத்துடு."

"அந்தப் பொண்ணுக்குச் சான்று வேணும்மா. உள்ளூர் பெரியாஸ்பத்திரியில. கல்லூரியில குடுக்கணும். அவ ஒரு வருஷம் போகுது."

"உங்கக்காவுக்கு வாழ்க்க போகும்டா."

இரண்டு பெண்கள். தராசின் இரண்டு தட்டுகள். நடுமுள் நான் என்று எழுத வந்தது. அது பொய். நான் முள் இல்லை. இரண்டு தட்டிலும் இருக்கிற கல் நான்தான்.

அம்மா அழுதாள். அழுகைக்குச் சத்தம் தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 1

தள்ளிவைத்த தாள் இன்று. ஷெட்டுக்கு வெளியே, கம்பி வலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தொப்பியோடு மழையில் நின்றேன். காவலாளி வந்து ஏதோ கேட்டார். நான் சிரிக்கவில்லை. காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். முதல் முறை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். வானம் அப்படியே இருந்தது.

என் நாற்காலியில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். ரெட்டைச் சடை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். யுவராணியின் முகம் கூரையை நோக்கி. வாய் அசைந்தது. பேனா அசைந்தது. வாய் நின்றது. பேனா நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் நின்றதும் பேனா நின்றது. எத்தனை எளிய வேலை. எத்தனை அழகு.

வெளியே வந்தவளிடம் போய் நின்றேன். நான் என்று தெரிந்துகொண்டாள். ரெக்சின் ஈரமானால் வரும் வாசனையாம், பிறகு எழுதி அனுப்பினாள்.

"காய்ச்சல் இல்ல யுவராணி."

அவள் கையைத் தூக்கி என் தாடைக்குக் கீழே தடவி, பக்கிளை அவிழ்த்து, தொப்பியை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். பிறகு, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வாய் அசைந்தது. இதைப் படிக்க எனக்குச் சிரமமே இல்லை.

"தெரியும்."

டிசம்பர் 3

அக்காவுக்கு நானே செய்தி அனுப்பினேன். எல்லாவற்றையும். பதில் உடனே வரவில்லை. ஒவ்வொரு நிமிடமும் போனின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வந்தது.

"எனக்கும் இடது பக்கம் சரியா கேக்கலடா. போன வருஷத்துலேர்ந்து. நான் யார்கிட்டயும் சொல்லல. கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கறதுன்னு பாத்துப் பாத்துப் படுக்கறேன். நீ போய்க் காட்டு. என்னப் பத்தி இப்ப யோசிக்காத."

இதை அம்மாவிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. படித்ததெல்லாம் எதற்கும் உதவவில்லை.

டிசம்பர் 4

நாளை காலை பெரியாஸ்பத்திரி. காது மருத்துவர் சனிக்கிழமையும் வருவார் என்று நூருல்லா பாய் விசாரித்து வந்து, கையில் எழுதிக் காட்டினார். பாய்க்கு நான் சொல்லவே இல்லை. அளவெடுத்த அன்றே தெரிந்திருக்கிறது. அப்போதே சொன்னால் தொப்பி வேண்டாம் என்று போய்விடுவேனோ என்று நினைத்தாராம்.

மத்தியானம் மழை பிடித்தது. நல்ல மழை, ஓடுகளிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. எனக்கு ஒன்று செய்து பார்க்கத் தோன்றியது. அடுப்படி அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த ஜவுளிக்கடைக் கவரை எடுத்தேன். அப்பளம் பொரிந்த கவர். முற்றத்தில் இறங்கித் தலையில் கவிழ்த்து, பிடிகளை முடிந்துகொண்டு நின்றேன்.

துளிகள் மண்டையில் விழுந்தன. ஒவ்வொன்றும் விரலால் சுண்டுவது போலத் தெரிந்தது. நெற்றியில், உச்சியில், பிடரியில். கண்ணுக்கு எதிரே கவரின் விளிம்பு துடித்துக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் பொரியவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். வாய் அசைந்தது. வழக்கமாக நான் சிரிக்கிற இடம் அது. உதடு தானாகவே அதற்குத் தயாரானதை உணர்ந்தேன். மழை ஓடுகளில் இறங்கிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள், அம்மா மறுபடி வாயசைத்தாள்.

"கேக்கலம்மா" என்றேன்.

சத்தமாகச் சொன்னேனா, தெரியவில்லை. அம்மா படியிறங்கி மழைக்குள் வந்தாள்.